ஸ்கேல் அம்மணி

அடிக்கும்போதும் ‘ங்க’ போடும். அந்த அம்மணியைப் பற்றி முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

“கையை நீட்டுங்க” என்று சொல்லும். நீட்டினால் இரும்பு ஸ்கேல் விழும். “வலிக்குதுங்களா?” என்று கேட்கும். வலிக்குது என்று சொன்னால், “அப்போ மறக்காதுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த காஸ்டிங்கைப் பார்க்கப் போய்விடும். ஒரு அடி ஸ்கேல். பேண்ட் பாக்கெட்டில் எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஸ்கேல் அம்மணி. சொந்தப் பேர் வேறு. அது இங்கே வேண்டாம்.

மதுக்கரைக்கு இந்தப் பக்கம் ஒரு பவுண்டரி. பம்புக்கு வேண்டிய இரும்பு உடம்பு வார்க்கிற இடம். வார்த்து எடுத்ததுக்குப் பேர் காஸ்டிங். எனக்குச் சம்மட்டி வேலை. கழித்துப்போட்ட காஸ்டிங்கை உடைத்துத் துண்டாக்கித் திரும்பவும் உருக்க அனுப்ப வேண்டும். காலையிலிருந்து பொழுது சாயும் வரை உடைப்பேன். எது நல்லது எது கெட்டது என்று பார்ப்பது என் வேலையில்லை. அதைப் பார்க்க வந்ததுதான் அம்மணி. கிணத்துக்கடவுப் பக்கம் ஊர். பாலிடெக்னிக் படித்தது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னது.

வந்த நாலாம் நாள் என்னை அடித்தது.

வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. அதனால் அட்டையெல்லாம் இங்கிலீசில் எழுதிக் கட்டுவார்கள். நான் ஆறாவது வரைதான். எழுத்துக் கூட்டுவேன், அவ்வளவுதான். ஒரு அட்டையில் டிஃபெக்டிவ் என்று இருந்தது. இன்னொன்றில் டெஃபிஷியண்ட். முதல் மூன்று எழுத்தும் ஒன்று. எனக்கு ரெண்டும் ஒன்றுதான். அட்டை தொங்கினால் கழிவு. கழிவு என்றால் உடை. பதினோரு காஸ்டிங்கை உடைத்துவிட்டேன்.

அம்மணி வந்து பார்த்தது. ஸ்கேலை எடுத்து என் கன்னத்தில் போட்டது. மில்லிமீட்டர் கோடு வரைக்கும் பதிந்திருந்தது என்று மாரப்பன் அப்புறம் சொல்லிச் சிரித்தான்.

சம்மட்டி என் கையில் இருந்தது. பதினாறு பவுண்டு. தூக்கிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். அம்மணி நகரவில்லை.

“போடறதுன்னா போடுங்க. போட்டுப்போட்டு, உடைஞ்சு கிடக்கறதுல எது குத்தம், எது குறைன்னு பொறுக்கி வெச்சுட்டுப் போங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே?” என்றேன்.

“ஒண்ணில்லீங்க. டிஃபெக்டிவ்னா குத்தம். உள்ளே விரிசல், உள்ளே ஓட்டை. அதை உடைக்கோணும். டெஃபிஷியண்ட்னா குறை. மெட்டல் பத்தாம ஓரம் ரொம்பாம நின்னது. அதுல வெல்டிங் வெச்சு ரொப்பிக்கலாம். ரொப்ப வேண்டிய பதினொண்ணை நீங்க கொன்னுபோட்டீங்க.”

கொன்னுபோட்டீங்க என்றது இரும்பை. சம்மட்டியைக் கீழே வைத்தேன்.

“ரெண்டு சொல்லும் ஒரே வயித்துல பொறந்ததுங்க” என்றது. “அதுக்காகத் தம்பி செஞ்சதுக்கு அண்ணனைப் போட்டு அடிப்பீங்களா?”

அதை அடிக்கடி சொல்லும். ஏன் சொல்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒருநாள் டீ குடிக்கும்போது அதுவாகவே சொன்னது. அதற்கு ரெண்டு அண்ணன். ஒரே சாடை. சின்னவன் எவனுடையதோ தோப்பில் தகராறு பண்ணிவிட்டு ஓடிவிட்டான். தேடி வந்தவர்கள் பெரியவனைப் பிடித்துக்கொண்டார்கள். தென்னை மட்டையால் அடித்தார்கள். நான் அவனில்லை, நான் அவனில்லை என்று கத்தியிருக்கிறான். யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு கால் போய்விட்டது.

“பார்த்தா ஒண்ணாத்தானே இருந்தான்னு சொன்னாங்க” என்றது. “அடிச்சப்புறம்.”

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனது.

அதற்கப்புறம் எனக்கும் சொற்கள் சேர்ந்தன. அது உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. போகிற போக்கில் எறியும். தப்பாகச் சொன்னால் ஸ்கேல். மாரப்பன் பாதி நாள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வான். அவன் லேடில் ஆள். உருகின இரும்பு இருக்கிற தொட்டிதான் லேடில். கிரேன் அதைத் தூக்கிக்கொண்டு வர, கூடவே நடந்து அச்சில் ஊற்றுவான். தைரியக்காரன். “அம்மணி, இன்னைக்கு எனக்கு டிஃபெக்டிவா டெஃபிஷியண்ட்டா?” என்று கேட்பான். “உங்களுக்கு ரெண்டும்தானுங்க” என்று அவன் ஹெல்மெட் மேல் ஒன்று போடும். டொங்கென்று சத்தம் வரும். எல்லாரும் சிரிப்போம்.

கிரேன் சத்தத்தை வைத்தும் ஒன்று சொன்னது. ஆயுத பூசைக்கு நாலைந்து நாள் முன்னால். கிரேன் போகும்போது நின்று கேட்டது. கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தச் சொன்னது.

“மோட்டார் சத்தம் கண்டினியுவஸுங்க. அறாம வருது. அது பரவாயில்லை. கூட ஒரு டிக்குன்னு வருது பாருங்க. விட்டு விட்டு வருது. அது கண்டினியுவல். விட்டு விட்டு வர்றதுதான் ஆளைக் கொல்லும்.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொக்கியைக் கீழே இறக்கச் சொன்னது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்தது. மேலே சாக்பீஸைப் பொடித்துப் பூசியது. எல்லாரும் நின்று பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு கோடு வந்தது. தலைமுடி மாதிரி.

அதை ரெஜிஸ்டரில் எழுதி எடுத்துக்கொண்டு மேனேஜர் ரூமுக்குப் போனது. என்னையும் கூட்டிக்கொண்டு போனது, கொக்கியை நானும் பார்த்தேன் என்று சொல்ல. மேனேஜர் ரெஜிஸ்டரை இழுத்து, அது எழுதினதுக்குக் கீழே ஒரே ஒரு சொல் எழுதினார். வாய்விட்டும் சொன்னார்.

“நெக்லிஜிபிள். முடி அளவு விரிசல். பூசை முடிஞ்சதும் மாத்திக்கலாம்.”

“நெக்லிஜிபிள்னா கண்டுக்காம உடற அளவுக்குச் சின்னதுன்னு அர்த்தமுங்க. இது அப்படியில்லீங்க.”

“நீ ரொம்ப சென்சிடிவ்மா.”

“சுருக்குன்னு படறவங்க சென்சிடிவுங்க. புத்தியோட பேசறவங்க சென்சிபிளுங்க. நான் ரெண்டாவதுங்க.”

சொல்லிக்கொண்டே ஸ்கேலைத் தூக்கி மேசைக் கண்ணாடி மேல் ஓங்கிப் போட்டது. மேனேஜர் நாற்காலியோடு பின்னால் போனார். கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கோடு ஓடியது.

“இதுவும் முடி அளவுதானுங்க. உங்க டீ டம்ளரை இது மேல வைங்க பார்க்கலாம்.”

அவர் வைக்கவில்லை. டம்ளர் கையிலேயே இருந்தது.

வெளியே வந்து சிவப்பு அட்டை ஒன்று எழுதியது. சிவப்பு அட்டை மிஷினுக்கு மட்டும். அது தொங்கினால் ஓட்டக் கூடாது. தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டது. கொக்கியில் நூலால் கட்டியது. சாக்பீஸால் பெருக்கல் குறியும் போட்டது. பிறகு என்னைப் பார்த்து, “படிங்க” என்றது.

“டிஃபெக்டிவ்” என்றேன்.

“இன்னொண்ணு இல்லீங்களா?”

“இல்லீங்க. இதுல ரொப்பறதுக்கு ஒண்ணுமில்லை. குத்தம்.”

ஸ்கேல் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. “சரிங்க” என்றது. அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனேன். ஏன் என்று தெரியாது. கால் நடந்தது.

பூசைக்கு அம்மணி ஊருக்குப் போய்விட்டது. நாங்கள் எல்லாவற்றையும் கழுவினோம். தரை, லேடில், கிரேன், என் சம்மட்டி. கொக்கி என் பங்குக்கு வந்தது. அட்டையை அவிழ்த்தேன். சோடா போட்டுத் தேய்த்தேன். பெருக்கல் குறி போய்விட்டது. திருநீறு பட்டை போட்டு, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தேன்.

அட்டை கையில் இருந்தது. அது எழுத்து. நான் படித்த எழுத்து. அந்த நாளில் எழுத்தைத் தரையில் போட மனசு வரவில்லை. பாக்கெட்டில் கசக்கவும் வரவில்லை. ரெஜிஸ்டர்களை எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தார்கள். அதன் மேல் வைத்தேன். எல்லா நோட்டுக்கும் சந்தனம் வைத்தவன் அட்டைக்கும் ஒரு பொட்டு வைத்தேன். காலையில் மறுபூசை ஆனதும் எடுத்துக் கட்டிவிடலாம் என்று இருந்தேன். பூசையில் வைத்ததை மறுபூசை ஆகாமல் எடுக்கக் கூடாது.

மறுநாள் விஜயதசமி. எங்கள் பவுண்டரியில் அன்றைக்கு வேலையில்லை. ஆனால் நல்ல நேரத்தில் ஒரே ஒரு ஊற்று ஊற்றிவிட்டுத்தான் லீவு. வருசம் நல்லா ஓட வேண்டும் என்று. மறுபூசை முதலில், ஊற்று அப்புறம். வழக்கம் அப்படித்தான். அன்றைக்கு மேனேஜர் லேட்டாக வந்தார். நல்ல நேரம் போகுது, முதலில் ஊத்துங்க, பூசை அப்புறம் என்றார். அட்டை தொங்காததைப் பார்த்து, கொக்கியை மாற்றியாகிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

நான் வாசலில் பூசணிக்காயோடு நின்றிருந்தேன். உடைக்கிறவன் நான் என்பதால் அதுவும் என் வேலை. மாரப்பன் உள்ளே போகும்போது கொக்கியைப் பார்த்தான். நாலு நாளும் லீவில் இருந்தவன். அட்டை கட்டினதே அவனுக்குத் தெரியாது.

“ஏனுங்கண்ணா, கொக்கி புது மாப்பிள்ளையாட்டம் இருக்குதுங்க” என்றான்.

எனக்கு அட்டை ஞாபகம் வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. ஒரு ஊற்றுதானே, பூசை ஆகட்டும், எடுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழே போட்டேன்.

ரெண்டு சத்தம் கேட்டது. ஒன்று என்னுடையது.

கழுவின தரை. ஈரம் காயவில்லை. உருகின இரும்பு ஈரத்தில் விழுந்தால் வெடிக்கும். கொக்கி ஒடிந்து, லேடில் விழுந்து, இரும்பு தெறித்து, கூரைத் தகரம் ஓட்டையானது. உள்ளே ஓடினேன். மாரப்பனுக்கு இடுப்புக்குக் கீழே பார்க்க முடியவில்லை. வண்டியில் போகும்போது பேசினான். தண்ணி கேட்டான். கொடுக்கக் கூடாது என்றார்கள். கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் போய்விட்டான்.

நான் திரும்பி வந்தேன். சாமி படத்துக்கு முன்னால் அட்டை இருந்தது. எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அப்போது பூசை ஞாபகம் வரவில்லை.

ரெண்டு நாளில் பேச்சு மாறிவிட்டது. ரெஜிஸ்டரில் அந்தப் பக்கம் இல்லை. கிழித்த இடம் தெரிந்தது. மேனேஜர் ஒரு ரிப்போர்ட் தயார் பண்ணி எங்களிடம் கையெழுத்துக்கு நீட்டினார். இங்கிலீசு. எழுத்துக் கூட்டினேன். மாரப்பன் பேருக்குப் பக்கத்தில் நெக்லிஜெண்ட் என்று இருந்தது. எல்லாரும் போட்டார்கள். நான் கைவிரல் நோவுது என்று சொல்லிப் போடாமல் தள்ளிக்கொண்டேன். மாரப்பன் வீட்டாரிடம் வேறு கதை போயிருந்தது. செக்கிங் அம்மணி கொக்கியைப் பார்க்கவேயில்லை, அட்டையும் கட்டவில்லை என்று.

மூன்றாம் நாள் அம்மணி பஸ்ஸை விட்டு இறங்கியது. கேட்டில் மாரப்பனின் மச்சான் நின்றான். கூட ஏழெட்டுப் பேர். முடியைப் பிடித்து இழுத்தான். அறைந்தான். கீழே விழுந்தது. பையிலிருந்து ஸ்கேல் தெறித்து ரோட்டில் கிடந்தது. அதை எடுக்கக் கையை நீட்டியது. கை மேல் செருப்புக் காலை வைத்து மிதித்தான். விரல் முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“ஏனுங்க, நான் அட்டை கட்டினேனுங்க” என்றது. “கட்டிப்போட்டுத்தான் ஊருக்குப் போனேனுங்க.”

“பொய் சொல்றா” என்று ஒருத்தன் வயிற்றில் உதைத்தான்.

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். அட்டை பாக்கெட்டில் இருந்தது. எடுத்துக் காட்டினால் சந்தனப் பொட்டைப் பார்த்து யார் வைத்தது என்று கேட்பார்கள். காட்டாவிட்டால் யாருக்கும் தெரியாது. மூன்று அடி விழுகிற வரைக்கும் நின்றேன். எண்ணினேன். மூன்று.

நாலாவது விழுவதற்குள் நடுவில் போய் நின்றுவிட்டேன். அட்டையைத் தூக்கிப் பிடித்தேன்.

“கட்டினது நெசம். அவுத்தது நானு.”

அதற்கப்புறம் எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை. மேல் வரிசையில் மூன்று பல் இல்லை. ஒரு காது இன்னும் சரியாகக் கேட்காது. கீழே கிடந்தபோது அம்மணி குரல் மட்டும் கேட்டது. எழுந்து நின்று மச்சானைப் பார்த்துக் கத்தியது.

“அடிங்க. வேண்டாங்கல. ஆனா இவரு பாதிதானுங்க. மீதிப் பாதி உள்ளே ஏசி ரூம்ல உக்காந்திருக்குது.”

அவர்கள் என்னை விட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள். அந்த மேசைக் கண்ணாடி அன்றைக்கு முழுசாக உடைந்தது. மேனேஜர் தலையில்.

ஒரு வாரம் கழித்து அரசாங்கத்து ஆபீசர் விசாரணைக்கு வந்தார். எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்தார். மேனேஜர் தலையில் கட்டு, என் வாயில் தையல், அம்மணி கையில் மாவுக்கட்டு. மாரப்பன் பெண்டாட்டி சுவரோரம் நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஆபீசர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு அம்மணியைப் பார்த்தார்.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?”

“ரெண்டு சொல்லுங்க. நெக்லிஜிபிள், நெக்லிஜெண்ட். கண்டுக்காம உடலாம்ங்கற அளவுக்குச் சின்னது முதல் சொல்லு. கண்டுக்காம உட்ட ஆளு ரெண்டாவது சொல்லு. கிழிச்ச பக்கத்துல முதல் சொல்லை எழுதினவரு யாருன்னு எனக்கும் தெரியும், இந்த அண்ணனுக்கும் தெரியுமுங்க. விரிசலைச் சின்னதுன்னு எழுதின கைதான் ரெண்டாஞ்சொல்லை எடுத்து, செத்துப்போனவரு மேல எழுதியிருக்குது. அது அவரு சொல்லில்லீங்க. எழுதினவரு சொல்லு.”

மாரப்பன் பெண்டாட்டிக்கு அதில் ஒரு சொல்லும் தெரிந்திருக்காது. ஆனால் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். அட்டையைத் தூக்கிக் காட்டினார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

“இவர்?”

நான் அம்மணியைப் பார்த்தேன். ஏதாவது சின்னதாக ஒரு சொல் எனக்கு இருக்கும் என்று நினைத்தேன். படிக்காதவன், பக்தி, தெரியாமல் செய்தது, அந்த மாதிரி. அது என்னைப் பார்க்காமல் சொல்லவில்லை. பார்த்துத்தான் சொன்னது.

“இவரும் நெக்லிஜெண்ட்தானுங்க. இவருக்குப் படிக்கத் தெரியுமுங்க. என் காதுபடப் படிச்சுச் சொன்னாரு.” கொஞ்சம் நிறுத்தியது. “நானும் கொஞ்சமுங்க. நூல்ல கட்டினேன். கம்பியில முறுக்கியிருக்கோணும்.”

ஆபீசர் எழுதிக்கொண்டார். கேசு மேனேஜர் மேலும் என் மேலும். இன்னும் நடக்கிறது. மாரப்பன் பேருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் இப்போது இல்லை.

வெளியே வரும்போது வேப்ப மரத்தடியில் அம்மணி நின்றது. பாக்கெட்டில் ஸ்கேல் இருந்தது. இடது கை நன்றாகத்தான் இருந்தது. நான் போய் முன்னால் நின்றேன். கையை நீட்டினேன்.

ஸ்கேலை எடுக்கவில்லை.

“சின்னத் தப்புக்கெல்லாம் அடிச்சீங்க” என்றேன். பல் இல்லாததால் சொல் சரியாக வரவில்லை.

“அது மறக்காம இருக்கறதுக்குங்க” என்றது. “இதை அடிச்சா, தீந்துபோச்சுன்னு மறந்துருவீங்க.”

பஸ் வந்தது. ஏறிப் போனது. அதற்கப்புறம் பார்க்கவில்லை. அந்த லைனில் யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்று சொன்னார்கள். ஊரிலேயே இருக்கிறது என்றும் சொன்னார்கள். போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

நான் இப்போது வேறு பட்டறை. சம்மட்டி இல்லை, பிசிறு அரைக்கிற வேலை. போன ஆயுத பூசைக்கு எல்லாரும் கழுவிக்கொண்டிருந்தோம். மூலையில் ஒரு பிரஸ் மிஷினில் சிவப்பு அட்டை தொங்கியது. என் வயசுக்காரர் ஒருத்தர் சந்தனக் கிண்ணத்தோடு போய் அட்டையை அவிழ்க்கக் கை வைத்தார். நல்ல மனுசன். சாமிக்குப் பயந்தவர்.

அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். கிண்ணம் விழுந்தது. தரையெல்லாம் சந்தனம். “உடுங்க, உடுங்க, கை ஒடிஞ்சுபோகுது” என்று கத்தினார்.

“ஒடியட்டுமுங்க” என்றேன். “அட்டையை உட்டுப்போடுங்க.”

விட்டார். நானும் விட்டேன்.

“வலிக்குதுங்களா?” என்று கேட்டேன்.